பிளவு அரசியல், எதேச்சாதிகாரம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் கூடி அந்த வாரச் செய்திகளைப் பேசுவோம். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர்கள், காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிற அக்காமார்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு சாமி. ஆனால் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அதேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

சர்வாதிகாரம்னா ராணுவம் வந்து உட்கார்றதுதானே? நாமதான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டு போடுறோமே, நமக்கு என்ன பயம்?

டாங்கியோடு வந்து ரேடியோ நிலையத்தைப் பிடிப்பது பழைய முறை. இப்போது பெரும்பாலும் ஓட்டு வாங்கி வந்தவர்களே, சபையில் சட்டம் போட்டே இதைச் செய்கிறார்கள். தேர்தல் நடக்கும், எதிர்க்கட்சி இருக்கும், பேப்பரும் வரும். ஆனால் ஆள்பவரைத் தோற்கடிப்பது ஒவ்வொரு தேர்தலிலும் முன்பைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போகும்.

ஜெர்மனியில் ஹிட்லர் 1933 ஜனவரி 30ல் முறைப்படிதான் ஆட்சித் தலைவராக நியமிக்கப்பட்டார். சுதந்திரமாக நடந்த தேர்தல்களில் அவர் கட்சி வாங்கிய அதிகபட்ச ஓட்டு, 1932 ஜூலையில் வாங்கிய 37 சதவீதம். 1933 பிப்ரவரி 27ல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அடிப்படை உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 23ல் நாடாளுமன்றமே சட்டம் போடும் அதிகாரத்தை அமைச்சரவையிடம் தூக்கிக் கொடுத்தது. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. ஹங்கேரியில் இதே திசையில் நிதானமாகப் போனார்கள். 2010ல் விக்டர் ஓர்பானின் கூட்டணி சுமார் 53 சதவீத ஓட்டை வைத்து மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டே எதிர்க்கட்சிகளின் சம்மதம் இல்லாமல் புதிய அரசியல் சட்டம் வந்தது. அப்புறம் நீதிமன்றம், தொகுதி எல்லைகள், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாகக் கைக்குள் போயின.

ஆகவே தேர்தல் நடக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நீதிமன்றம், பத்திரிகை, தேர்தல் ஆணையம், போலீஸ் ஆகிய நாலும் ஆள்பவரைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லும் தெம்போடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கட்சிச் சண்டை எங்க தாத்தா காலத்துலயும் இருந்துச்சு. இப்ப மட்டும் ஏன் 'பிளவு, பிளவு'ன்னு பெருசா பேசுறீங்க?

1972ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் இரண்டாகின. அண்ணன் கறுப்பு சிவப்பு, தம்பி இரட்டை இலை. தெருவில் கைகலப்புகூட நடந்தது. கருத்து வேறுபடுவதில் தப்பே இல்லை, ஜனநாயகத்துக்கு அது வேண்டும். கூலி எவ்வளவு, எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு வீடு என்பதில் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒரு காரியம் சரியா தப்பா என்பதை, அதைச் செய்தது யார் என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறோம். நம்ம ஆள் செய்தால் ராஜதந்திரம், அவங்க ஆள் செய்தால் அராஜகம். எதிர்க்கட்சிக்காரனைத் தப்பாக நினைக்கிறவன் என்று பார்ப்பது போய், இந்த ஊரிலேயே இருக்கக்கூடாதவன் என்று பார்க்க ஆரம்பிக்கிறோம். இந்த இடத்துக்கு வந்த பிறகு வாக்குவாதத்தில் எதுவும் திருந்தாது.

சரி, ஜனங்க அடிச்சுக்கிட்டா ஆள்றவருக்கு என்ன லாபம்? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நேரடியானது. ஆள்பவர் விதியை மீறும்போது அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கேள்வி கேட்டால்தான் அவர் நிற்பார். எதிர்த்தரப்பு சத்தம் போடுவதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. எதிர்த்தரப்பின்மேல் நமக்கு வெறுப்பு முற்றிவிட்டால், 'இவர் தப்புதான் செய்கிறார், ஆனால் அவங்களைத்தானே அடிக்கிறார்' என்று நாம் வாயை மூடிக்கொள்வோம். அந்த மௌனத்தை நம்பித்தான் எதேச்சாதிகாரம் வளர்கிறது.

இதற்கு உதாரணம் தேடிக் கண்டம் தாண்டிப் போகவேண்டாம், இலங்கையைப் பாருங்கள். 1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது பெரும்பான்மை சந்தோஷப்பட்டது. 1977ல் ஜெயவர்த்தனாவின் கட்சி ஆறில் ஐந்து பங்கு இடங்களை வென்றது. 1978ல் அதிகாரம் முழுக்க ஜனாதிபதியிடம் குவிகிற அரசியல் சட்டம் வந்தது. 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, தமிழ் இளைஞர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள், தெற்கில் பெரிய எதிர்ப்பு இல்லை. 1980ல் சிங்களத் தலைவரான சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியுரிமைகளே 7 ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. 1982 டிசம்பரில், பொதுத்தேர்தலை நடத்தாமல், நாடாளுமன்றத்தின் ஆயுளை 6 ஆண்டு நீட்டிக்க ஒரு வாக்கெடுப்பை நடத்தி ஜெயித்தும் விட்டார்கள்.

தமிழர்களுக்கென்று வந்த அந்தத் தடைச் சட்டம் எண்பதுகளின் கடைசியில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியின்போது சிங்கள இளைஞர்கள் மேலும் பாய்ந்தது. 2022ல் கோத்தபயவை வீட்டுக்கு அனுப்பிய போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் தலைவர்களையும் அதே சட்டத்தில்தான் அடைத்தார்கள். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு புதுச் சட்டமோ அதிகாரமோ வந்தால், நமக்கு அறவே பிடிக்காத கட்சியின் கையில் அதைக் கொடுத்து மனசுக்குள் பார்ப்போம். அப்போதும் சம்மதம் என்றால் சம்மதம். வயிறு கலங்கினால், நம்ம ஆள் கையிலும் அது இருக்கக்கூடாது.

நம்ம ஏரியா உழைக்கிற ஜனங்க ஏரியா. எல்லாரும் ஒண்ணாதானே இருக்கோம்? இங்க என்ன பிளவு?

ஒன்றாக இருக்கிறோம் என்பதில் பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள 1921க்குப் போக வேண்டும். பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்தில் பக்கிங்காம், கர்னாடிக் மில்கள், அதாவது நம் பெரியவர்கள் பின்னி மில் என்று சொல்வது, நாட்டிலேயே பெரிய ஆலைகளில் சேர்ந்தவை. 1918 ஏப்ரல் 27ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் எழுந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. எல்லோரும் அதில் இருந்தவர்கள்.

1921ல் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். போகக் காரணம் இருந்தது. சேரியில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது, ஒரு மாதம் கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. சங்கத்தின் நிழல் தங்கள்மேல் விழுந்ததாகவும் அவர்கள் உணரவில்லை. இதைப் பேசித் தீர்க்கும் பொறுமை வேலைநிறுத்தக்காரர்களிடம் இல்லை. தகராறு சாதிக் கலவரமானது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா ஒரு பக்கம், சாதி இந்துத் தலைவர்கள் மறுபக்கம் என்று அரசியலும் பிளந்தது. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகமும் வெள்ளைக்கார அரசும் நினைத்தது நடந்தது.

இந்தக் கதையை எங்கள் கூட்டத்தில் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள் என்று. எனக்கு இதைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்தாகப் படுகிறது. ஒற்றுமை வேண்டும் என்று கேட்கிறவர்கள், பக்கத்துத் தெருவின் குறையைத் தன் குறையாக எடுத்துப் பேசினார்களா என்பதுதான் 1921 நம்மிடம் கேட்கிற கேள்வி. இன்றும் ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வந்து அடுத்த பிளாக்குக்கு வராதபோது, அதே கேள்விதான் வந்து நிற்கிறது.

எமர்ஜென்சில ஆபீஸ் எல்லாம் கரெக்டா நடந்துச்சு, ரயில் டைமுக்கு வந்துச்சுன்னு எங்க பெரியப்பா சொல்றாரு. அவர் பொய் சொல்ல மாட்டாரு.

அவர் பார்த்ததைச் சொல்கிறார். பார்க்க விடாததை அவரால் சொல்ல முடியாது. 1975 ஜூன் 25 இரவு முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை இருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வடக்கே குடும்பக் கட்டுப்பாடு என்று ஆள் பிடித்தார்கள். 1976-77ல் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. இவை எதுவும் அன்றைய பேப்பரில் முழுசாக வரவில்லை.

நம் ஊரில் என்ன நடந்தது? 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் பிடித்தவர்களை சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அப்போது இருந்த மத்திய சிறையில் அடைத்தார்கள். (2006ல் புழலுக்கு மாறியது அந்தச் சிறைதான்.) உள்ளே கைதிகளை அடித்தார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு, மு.க.ஸ்டாலின்மேல் விழுந்த அடிகளைத் தடுக்கப்போய் வாங்கிய காயங்களிலிருந்து மீளாமல் இறந்தார். பிறகு நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம் இதையெல்லாம் விசாரித்தது. தினமும் சென்ட்ரலில் இறங்கி வேலைக்குப் போனவர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியாது.

நீதிமன்றம் காப்பாற்றியிருக்குமே என்பார்கள். 1976 ஏப்ரல் 28ல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்தாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். அதற்காகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். பெரியப்பாவிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்கள். 1977ல் தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகள் இந்திரா காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிக்கே போனபோது, வடசென்னை தி.மு.க.வின் ஆசைத்தம்பியை டெல்லிக்கு அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுபடியும் அப்படி எமர்ஜென்சி போட முடியுமா?

அதே மாதிரி போடுவது கஷ்டம். 1978ல் வந்த 44வது திருத்தப்படி 'உள்நாட்டுக் குழப்பம்' என்று காரணம் காட்ட முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வேண்டும். உயிர், தனிமனித சுதந்திரம் என்கிற 21வது பிரிவை நிறுத்திவைக்கவே முடியாது. ஆனால் முதல் பதிலில் சொன்ன மெதுவான வழிக்கு அறிவிப்பு எதுவும் தேவைப்படாது.

சுத்தி வளைக்காதீங்க. நீங்க டெல்லியைத்தானே சொல்றீங்க?

டெல்லியையும் சொல்கிறேன், கோட்டையையும் சொல்கிறேன். ஒன்றிய அரசிடம் அதிகாரம் அதிகம், அதனால் அதன்மேல் கண்ணும் அதிகம் வேண்டும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று மக்களுக்குத் தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் போக வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018ல் வந்தது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல 2024 பிப்ரவரி 15 ஆனது. அதில் அதிகம் வாங்கியது பா.ஜ.க., தி.மு.க.வும் அ.தி.மு.க.வும்கூட வாங்கின. 2024 தேர்தல் நெருங்கிய நேரத்தில் டெல்லி முதலமைச்சர் கெஜ்ரிவால் பதவியில் இருக்கும்போதே அமலாக்கத்துறையால் கைதானார். ஜார்கண்டின் ஹேமந்த் சோரன் பதவி விலகிய கையோடு கைதானார். அவர்கள் குற்றமற்றவர்களா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். தேர்தல் நேரத்தில் விசாரணை அமைப்புகளின் கை ஒரே பக்கம் நீள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாநிலத்துக்கு வருவோம். 1987ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. 2003ல் ஜெயலலிதா ஆட்சி வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களை ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தது. அதே ஆண்டு 'தி இந்து' பத்திரிகையாளர்களைக் கைது செய்யச் சட்டமன்றம் உத்தரவிட்டது. 2007 மே 9ல் தி.மு.க. ஆட்சியில், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பு வெளியானதற்காக மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது, உங்கள் கட்சியின் பெயர் வந்த இடத்தில் மட்டும் 'அதுக்கு ஒரு காரணம் இருக்கு' என்று மனசு சொல்லியிருக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

குண்டாஸ், என்கவுன்ட்டர் எல்லாம் ரவுடிங்களுக்குத்தானே? ஒழுங்கா இருக்கிறவனுக்கு என்ன பயம்?

இந்தக் கேள்வி வேறு எந்த ஏரியாவைவிடவும் இங்கே அதிகம் வருகிறது. காரணம் புரிகிறது. கஞ்சா, கத்தி, ராத்திரி பைக் சத்தம் எல்லாவற்றோடும் வாழ்கிறவர்கள் நாம்தான், போயஸ் தோட்டத்துக்காரர்கள் இல்லை. பெண் பிள்ளையை டியூஷன் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற அம்மாவிடம் மனித உரிமை வகுப்பு எடுக்க நான் தயாரில்லை. அவர் கேட்பது பாதுகாப்பு, அது அவர் உரிமை.

ஆனால் குண்டர் சட்டம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1982ல் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களை மனதில் வைத்து வந்த சட்டம். குற்றத்தை நிரூபிக்காமலே ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அப்படி அடைத்தது சரியா என்று பார்க்கிற ஆலோசனைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. இரண்டு கழகங்களும் மாறி மாறிப் பயன்படுத்தின. 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தி மேல் இதே சட்டம் பாய்ந்தது. உயர் நீதிமன்றம் செப்டம்பரில்தான் அதை ரத்து செய்தது. சாராயம் காய்ச்சுகிறவருக்கு என்று வந்தது மெழுகுவத்தி ஏற்றுகிறவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கைக் கதை ஞாபகம் வரும்.

என்கவுன்ட்டரும் அப்படித்தான். 2024 ஜூலை 5ல் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது இந்தப் பக்கமே கொதித்தது. சில நாளில், கைதாகியிருந்தவர்களில் ஒருவர் மாதவரம் அருகே போலீஸ் குண்டில் இறந்தார். பலர் கைதட்டினார்கள். கொலைக்கு ஏவியது யார் என்று சொல்லக்கூடிய ஒரு வாயும் அதோடு மூடிவிட்டது என்பதை யோசிக்கவேண்டும். போலீஸ் துப்பாக்கியால் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவு, சி.ஐ.டி. அல்லது வேறு நிலையத்துப் போலீஸின் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் கட்டாயம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைக்குப் போன இடத்தில் 'வியாசர்பாடியா?' என்று கேட்டுவிட்டு முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நம் பிள்ளைகள். விலாசமே குற்றமாகப் பார்க்கப்படுகிற ஊரில், விசாரணை இல்லாத தண்டனை ஒழுங்காக இருக்கிறவன் வீட்டு வாசலுக்கும் வரும்.

சிங்கப்பூர் லீ குவான் யூ மாதிரி ஒரு ஸ்ட்ராங்கான ஆள் வந்தா எல்லாம் சரியாகும்ல?

சிங்கப்பூர் முன்னேறியது உண்மை, அங்கே உழைத்து இங்கே வீடு கட்டியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. சியா தை போ என்கிற எதிர்க்கட்சி எம்.பி. 1966ல் பிடிபட்டு 23 ஆண்டு விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தார். இன்னொன்று, சிங்கப்பூர் மாதிரி ஒன்றைக் காட்டுகிறவர்கள், ஸ்ட்ராங்கான ஆளை நம்பி நாசமான பல நாடுகளை எண்ணுவதில்லை.

உள்ளூரில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996ல்தான். 23 ஆண்டுகள் அதிகாரிகள் கையில் இருந்தது. மறுபடி 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை கவுன்சிலரே கிடையாது. அரசியல்வாதி தொல்லை இல்லாத அந்த ஆண்டுகளில் கொருக்குப்பேட்டை சாக்கடை ஓடியதா, கொடுங்கையூர் குப்பைமேடு குறைந்ததா? ராத்திரி தண்ணீர் புகுந்தால் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லாமல் போனதுதான் மிச்சம். 1949 நவம்பர் 25ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார்: மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் தனிமனித பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் வழி. நம் சுவர்களில் அவர் படம் இருக்கிற அளவுக்கு இந்த வாக்கியம் இல்லை.

வாட்ஸ்அப்ல வீடியோவே வருது, அதையும் நம்பாதேன்னா எதைத்தான் நம்புறது?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊரில், வேறு காரணத்துக்கு நடந்த சண்டைகளை எடுத்து இந்தியில் குரல் சேர்த்திருந்தார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது, சொன்னது பொய் என்று ஆனது. அதற்குள் எத்தனையோ பேர் பயந்து மூட்டை கட்டிவிட்டார்கள். 2018ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியில், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள்.

வீடியோவில் கடைப்பலகை, பஸ் நம்பர், போலீஸ் சீருடை, பேசுகிற பாஷை ஆகியவற்றைப் பாருங்கள். தேதியும் இடமும் இல்லாமல் 'இதை எந்த டிவியும் காட்டாது, உடனே பரப்புங்க' என்று வந்தால் கை வைக்காதீர்கள். உங்களுக்குக் கோபம் தலைக்கு ஏறுகிற வீடியோதான் முதலில் சரிபார்க்க வேண்டியது. தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருந்தால் ஒரு போன் போடுங்கள், அது எந்தச் செயலியையும்விட வேகமானது.

காசு வாங்கிட்டுத்தான் ஓட்டு போடுறோம். நாங்க ஜனநாயகம் பேசலாமா?

பேசலாம், பேசியே ஆகவேண்டும். ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே 2017 ஏப்ரலில் பண விநியோகத்தைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. உடனே ஊரெல்லாம் வடசென்னை ஜனங்களைத் திட்டியது. கொடுத்தவர்களின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. காசு வாங்குவதை நான் நியாயப்படுத்தவில்லை, அது நம் குரலைக் குறைக்கிறது, 'வாங்கினாய் அல்லவா, போ' என்று கவுன்சிலர் சொல்ல இடம் கொடுக்கிறது. ஆனால் வாங்கியதால் உங்கள் உரிமை ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மெஜாரிட்டி ஜனங்க கேக்குறதைக் கொடுக்கிறதுதானே ஜனநாயகம்? அதை கோர்ட்டு ஏன் தடுக்குது?

யார் ஆளவேண்டும் என்பதைப் பெரும்பான்மை முடிவு செய்யும். யார் மனிதராக நடத்தப்படவேண்டும் என்பது ஓட்டுக்கு விடப்படுவதில்லை. மண்ணடியில் பெரும்பான்மையாக இருக்கிறவர் சௌகார்பேட்டையில் சிறுபான்மை. ஊரின் வளர்ச்சிக்கு மின்நிலையம் வேண்டும் என்று நகரம் முழுக்க ஓட்டெடுத்தால், எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் தோற்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் ஆற்றில் எண்ணெய் படர்ந்தபோது, வழக்கு என்ற ஒன்று இருந்ததால்தான் அவர்கள் குரல் கேட்டது. 53 சதவீதத்தை வைத்து ஹங்கேரியில் செய்ததை மேலே பார்த்தோம்.

அப்படின்னா ஜனநாயகத்தை அழிக்கப் பாக்குற கட்சியைத் தடை பண்ணிடலாமே?

கஷ்டமான கேள்வி. ஜெர்மனி தன் அனுபவத்தால் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அரசாங்கம் தடை செய்ய முடியாது, அரசியல் சாசன நீதிமன்றம்தான் செய்யவேண்டும். 1952ல் ஒரு நாஜி வாரிசுக் கட்சியையும் 1956ல் கம்யூனிஸ்ட் கட்சியையும் தடை செய்தது. ஒரே பேனா இரண்டு பக்கமும் எழுதியதைக் கவனியுங்கள். என் கருத்து, வன்முறையைத் தூண்டுகிறவர்மேல் அந்தச் செயலுக்காக வழக்குப் போடவேண்டும், கட்சியின் கருத்தை மேடையில்தான் சந்திக்கவேண்டும். தடை செய்யும் அதிகாரத்தை எதிராளியிடம் கொடுத்துப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

எங்க வீட்டுல அரசியலால அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே இல்ல. என்ன பண்றது?

குடும்ப குரூப்பில் வாதாடாதீர்கள். பத்துப் பேர் பார்க்கும்போது யாரும் இறங்கிவர மாட்டார்கள். நேரில் போங்கள், கட்சியை விட்டுவிட்டு விஷயத்தைப் பேசுங்கள்: கேஸ் விலை, பிள்ளையின் ஃபீஸ், அப்பாவின் பென்ஷன். 'உன் கட்சி செய்ததில் உனக்கே பிடிக்காதது எது?' என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் கட்சியில் உங்களுக்குப் பிடிக்காததை நீங்கள் சொல்லுங்கள். உடனே மாறிவிட மாட்டார், அடுத்த விசேஷத்துக்கு வருவார். ஒரு சாதியையோ மதத்தையோ கேவலமாகப் பேசினால் மட்டும், அண்ணனாக இருந்தாலும் அங்கேயே 'அப்படிப் பேசாதே' என்று சொல்லிவிடுங்கள்.

இந்தப் பாதையில போன நாடு எதுவாவது திரும்பி வந்திருக்கா?

நாமே 1977ல் வந்தோம். தென்கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். ஜனங்கள் குளிரில் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள், உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். வந்திருந்த 190 பேரும் அதை ரத்து செய்ய ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் யூனின் சொந்தக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடிவதற்குள் ராணுவச் சட்டம் போனது. 2025 ஏப்ரல் 4ல் நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது.

டெல்லி, கொரியா எல்லாம் சரி. தண்டையார்பேட்டையில உட்கார்ந்துக்கிட்டு நான் என்ன செய்யணும்?

வாக்காளர் பட்டியல் திருத்தம் வரும்போது உங்கள் தெருவின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். வீடு இடித்துப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று அனுப்பப்பட்டவர்களின் பெயர் அங்கேயும் ஏறாமல் இங்கேயும் நீங்கிப் போயிருக்கலாம். சேர்க்கப் படிவம் 6, நீக்கம் கேட்கப் படிவம் 7. உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போடுகிற வீடாக இருந்தாலும் பெயர் விடுபட்டால் போய்ச் சொல்லுங்கள். வார்டில் ஏரியா சபை கூட்டினால் போங்கள், கூட்டவில்லை என்றால் ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

தெருவில் யாரையாவது போலீஸ் அழைத்துப்போனால், எந்த நிலையம், என்ன வழக்கு என்று குடும்பத்துக்குச் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. இந்த எண்ணை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

பூத் ஏஜென்டாக உட்காரப் போகிற தம்பிகளுக்கு ஒன்று. ஓட்டுப்பதிவு முடிந்ததும் பதிவான ஓட்டுகளின் கணக்கு, படிவம் 17சி, அதிகாரி கையெழுத்தோடு உங்களுக்குக் கிடைக்கவேண்டும். டீ வந்தாச்சு, வண்டி வந்தாச்சு என்று அவசரப்படுத்துவார்கள். அந்தக் காகிதம் கைக்கு வராமல் எழுந்திருக்காதீர்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கிற எதிர்க்கட்சி ஏஜென்டுக்கும் கிடைத்ததா என்று கேளுங்கள்.